எட்டும் ஒன்றும் ஒன்பது

வானொலியில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. சும்மா இருக்கும்போதும் காது சும்மா இருக்காது. திருமண விருந்தில் உட்கார்ந்தால் ஒலிபெருக்கியின் இரைச்சல்தான் முதலில் கேட்கும், மாப்பிள்ளை பெயர் பிறகுதான். வீட்டில் மின்விசிறி ஒரு பக்கம் உரசினால் தூக்கம் வராது. பதினோரு வருடமாக ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து, என் 'ப' வெடிக்கிறதா, 'ச' சீறுகிறதா என்று நானே என்னை ஒட்டுக் கேட்டுப் பழகியதால் வந்த வினை இது.

அதனால்தான் மினியின் சத்தம் எனக்கு முதலில் கேட்டது.

மினி என்றால் இப்போது விற்கிற பெரிய மினி அல்ல. அப்பா வைத்திருந்த பழைய மினி. 998 சிசி என்ஜின், நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆளின் சாப்பாட்டுப் பொட்டலத்துக்குக்கூட இடமில்லாத கார். அப்பா போன பிறகு அது என் பெயருக்கு வந்தது. ஆனால் அதன் உடம்புக்குப் பொறுப்பு என்றும் பெரியப்பாதான். கிள்ளானில் அவர் வீட்டுப் போர்ச்சில்தான் பாதி நாள் நிற்கும். நாற்பது வருடம் பட்டறையில் கழித்தவர். லாரி, டிராக்டர், பஸ், ஜெனரேட்டர் என்று அவர் கை படாத என்ஜின் குறைவு.

கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரு சனிக்கிழமை காலை வந்துகொண்டிருந்தேன். சிக்னலில் நின்றபோது 'டிக் டிக் டிக்' என்று தையல் மெஷின் மாதிரி ஒரு சத்தம். கிள்ளான் வந்ததும் பானெட்டைத் திறந்து பெரியப்பாவைக் கூப்பிட்டேன். குனிந்தார், தலையைச் சாய்த்தார், ஒரு நிமிடம் நின்றார்.

"ஒன்னும் இல்லயே பாப்பா. பட்டு மாதிரி ஓடுது."

பெரியப்பா சொன்னால் சொன்னதுதான். எனக்குத்தான் காது வியாதி என்று வீடு திரும்பினேன். அடுத்த வாரம் சத்தம் கூடியிருந்தது. அவர் மறுபடியும் அதையே சொன்னார். அன்று எனக்குள் ஏதோ இடறியது. ஆனால் அதை நான் காரைப் பற்றிய சந்தேகமாக மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

இந்த என்ஜினைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட வேண்டும். 1951-இல் ஆஸ்டின் ஏ30 என்ற சின்னக் காரில் முதன்முதலாக வந்தது. நம் தாத்தாக்கள் காலத்துத் தோட்ட டிரெசர்களும் ஆசிரியர்களும் ஓட்டிய மோரிஸ் மைனரிலும் பிறகு இதே குடும்பத்து என்ஜின்தான். அந்த மோரிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ்தான் 1959-இல் மினியையும் கொண்டுவந்தார். என்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்து, கியர்பாக்ஸை அதன் அடியிலேயே செருகி, பத்தடி நீளக் காரில் நான்கு பேரை உட்கார வைத்தார். 2000-ஆம் ஆண்டு வரைக்கும் அந்தக் கார் தயாரிப்பில் இருந்தது. என்ஜினின் அடிப்படை மட்டும் கடைசி வரை மாறவில்லை.

அந்த அடிப்படை இதுதான். கேம்ஷாஃப்ட் கீழே, என்ஜின் பிளாக்கினுள் இருக்கும். வால்வுகள் மேலே, ஹெட்டில் இருக்கும். கீழே கேம் தள்ளுவதை மேலே கொண்டுபோக நீளமான குச்சிகள், அதாவது புஷ்ராடுகள். அந்தக் குச்சி மேலே வரும், ஆனால் வால்வோ கீழே இறங்கித் திறக்க வேண்டும். மேலே வருவதைக் கீழே தள்ளுவதாக மாற்ற நடுவில் ஒரு ஏற்றம் தேவை. நம் ஊர்க் கிணற்று ஏற்றமேதான், அல்லது பூங்காவில் பிள்ளைகள் ஆடும் சீசா. அதுதான் ராக்கர் ஆர்ம். நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, எட்டு ராக்கர். எல்லாம் ஒரே இரும்புத் தண்டில் கோத்து, நான்கு தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கும்.

ராக்கரின் நுனிக்கும் வால்வின் தலைக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி விட வேண்டும். என்ஜின் ஆறியிருக்கும்போது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு. பட்டறை பாஷையில் 'பன்னிரண்டு தௌ', 0.30 மில்லிமீட்டர். நம் நகத்தின் கனத்தைவிடக் குறைவு. சூட்டில் இரும்பு விரியும்போது அது போய் உட்கார ஒரு இடம் வேண்டுமே, அதற்குத்தான். இடைவெளி கூடினால் டிக் டிக். குறைந்தால் சத்தமே வராது. ஆனால் வால்வு முழுசாக மூடாது. எரியும் வாயு அந்தச் சந்தில் பாய்ந்து வால்வின் விளிம்பைத் தின்றுவிடும். அமைதியாக ஓடுகிற மினிதான் கவலைக்குரியது என்பதைப் பெரியப்பாவே எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது வாரம் நானே கவரைத் திறந்தேன். பெரியப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை. அண்ணன் மகன் காரைத் தள்ளுகிற வேலைக்கு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, நான்காவது கியரில் போட்டுக் காரை மெல்ல முன்னால் தள்ளினால் என்ஜின் கையால் சுற்றியதுபோல் சுற்றும். எந்த வால்வை எப்போது அளப்பது என்பதற்கு மினிக்காரர்களிடம் ஒரு அழகான கணக்கு உண்டு. வால்வுகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை எண். எட்டாம் வால்வு முழுசாகத் திறந்து கீழே அழுந்தியிருக்கும்போது ஒன்றாம் வால்வை அளக்கலாம். ஆறு திறந்திருந்தால் மூன்று. நான்கு திறந்திருந்தால் ஐந்து. இரண்டும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வர வேண்டும். அண்ணன் மகனுக்கு இது பிடித்துப்போய், "அத்தை, ரெண்டு திறந்திருக்கு... ஏழு!" என்று கத்திக்கொண்டே தள்ளினான்.

எட்டையும் ஃபீலர் கேஜ் வைத்து அளந்தேன். எட்டும் சரி. பன்னிரண்டு தௌ. கவரை மூடி ஓட்டினால் அதே டிக் டிக்.

விடை பெரியப்பாவிடம்தான் இருந்தது. "நுனியைத் தடவிப் பாரு" என்றார். பழைய ராக்கரின் நுனி வெறும் இரும்பு. ஆயிரக்கணக்கான மைல் வால்வின் தலையில் உரசி உரசி அங்கே ஒரு சிறு பள்ளம் விழுந்திருந்தது. ஃபீலர் கேஜோ தட்டையான தகடு. அது பள்ளத்துக்குள் இறங்காமல் இரு விளிம்பிலும் பாலம்போல் நிற்கும். தகடு பன்னிரண்டு என்று சொல்லும். பள்ளத்தையும் சேர்த்தால் உண்மை இடைவெளி அதைவிட அதிகம். நான் அளந்தது சரிதான், கருவி பார்த்த இடம்தான் தப்பு. ராக்கர் கோத்திருந்த தண்டின் அடிப்பக்கமும் தேய்ந்திருந்தது. அதையும் விரலால் தடவியே கண்டுபிடித்தார்.

எனவே புது ராக்கர். இங்கேதான் எனக்கு ஆசை வந்தது. நுனியில் ஒரு சின்ன உருளை வைத்த ரோலர் ராக்கர் வாங்கலாமே! உரசாது, உருளும். பள்ளம் விழாது. கேஜ் பொய் சொல்லாது. இணையத்தில் படம் பார்த்தால் நகைக்கடைச் சாமான் மாதிரி மின்னுகிறது. அதிலும் 1.5 விகிதம் என்று ஒன்று இருந்தது.

விகிதம் என்றால், சீசாவின் ஒரு கை நீளமாகவும் மறு கை குட்டையாகவும் இருப்பது. குச்சி கால் அங்குலம் மேலே வந்தால், 1.3 விகித ராக்கர் வால்வை 0.325 அங்குலம் தள்ளும். 1.5 ஆனால் 0.375 அங்குலம். வால்வு அதிகம் திறந்தால் காற்றும் பெட்ரோலும் அதிகம் உள்ளே போகும், வண்டி சீறும். நான் கண் விரிய இதைச் சொன்னபோது பெரியப்பா ஒரே கேள்வி கேட்டார்: "வால்வு அதிகமா இறங்கினா ஸ்பிரிங் அதிகமா அமுங்கும். கேமுக்குச் சுமை கூடும். வால்வு கைடு சீக்கிரம் தேயும். நீ எங்கே ரேஸ் ஓடப் போற, மேரு டோல்ல வரிசையில நிக்கவா?"

1.3 வாங்கினேன். உண்மையைச் சொன்னால், நாங்கள் ஓட்டுகிற ஓட்டத்துக்கு நல்ல தண்டும் பழைய மாதிரிப் புது ராக்கரும் போதும். பாதிக் காசில் முடிந்திருக்கும். ரோலர் போட்டால் குதிரைசக்தி கொட்டும் என்று யாராவது சொன்னால் அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள்.

பெட்டி வந்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே கிள்ளானில் இருந்தேன். நேராக ராக்கர் நட்டுகளில் ஸ்பேனரை வைத்தேன். "கைய எடு!" என்று ஒரு அதட்டல். இந்த என்ஜினில் ஒரு சூட்சுமம். ராக்கர் தாங்கிகளைப் பிடித்திருக்கும் எட்டு நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. அவற்றை மட்டும் தளர்த்தி மற்ற ஐந்து ஹெட் நட்டுகளை அப்படியே விட்டால் ஹெட் ஒரு பக்கமாக இழுபட்டு வளையும். தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் எண்ணெய்த் தொட்டிக்குள்ளும் இறங்கலாம். அதனால் முதலில் ரேடியேட்டர் தண்ணீரை வடிக்க வேண்டும். பிறகு எல்லா நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றி வந்து தளர்த்த வேண்டும். நான் பார்த்த காணொளியில் இதைச் சொல்லவே இல்லை.

புது ராக்கர்களை மாட்டுவது பத்து நிமிட வேலை. நேராக நிறுத்துவதுதான் முழு நாள்.

முதலில் பக்கவாட்டு. ஒவ்வொரு உருளையும் தன் வால்வின் தலைக்கு நேர் மேலே, நடுவில் உட்கார வேண்டும். மேலிருந்து பார்த்தால் தெரியும். மூன்றாவது ராக்கர் இடது பக்கம் தள்ளி நின்றது, உருளையின் கால்வாசி வால்வைவிட்டு வெளியே தொங்கியது. அப்படி ஓட்டினால் வால்வை நேராகத் தள்ளாமல் சாய்த்துத் தள்ளும். அதற்கு ராக்கருக்கும் தாங்கிக்கும் நடுவே மெல்லிய வாஷர்கள். இந்தப் பக்கம் ஒன்று எடுத்து அந்தப் பக்கம் ஒன்று சேர்ப்பது. இறுக்கமாகவும் அடைக்கக் கூடாது, ராக்கர் தாராளமாக ஆட வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்தில் இருப்பது நகரும். எட்டும் ஒழுங்குக்கு வர மதியமாகிவிட்டது. பெரியம்மா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டார். பெரியப்பா இரண்டு முறையும் திரும்பவில்லை. வேலையில் மூழ்கியிருக்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்தது உயரம். வால்வின் தலையில் கறுப்பு மார்க்கர் பேனாவால் மை பூசி, இடைவெளி வைத்து, காரைத் தள்ளி என்ஜினைச் சில சுற்றுகள் சுற்றினோம். உருளை ஓடிய இடத்தில் மை அழிந்து ஒரு கோடு விழும். அந்தக் கோடுதான் சாட்சி. அது தலையின் நடுவில், எவ்வளவு மெல்லிசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. எங்களுக்கு விழுந்த கோடு அகலமாக, தண்டு இருக்கும் பக்கத்து விளிம்பை ஒட்டி இருந்தது.

காரணத்தைப் பெரியப்பா தீக்குச்சியால் தரையில் வரைந்து காட்டினார். ராக்கரின் நுனி நேர்கோட்டில் இறங்காது. அது ஒரு வட்டத்தின் துண்டு. வால்வு பாதி திறந்திருக்கும் நேரத்தில் ராக்கரின் கை வால்வுக்குச் செங்குத்தாக நின்றால், நுனி கொஞ்சம் வெளியே போய்க் கொஞ்சம் உள்ளே வந்து அடங்கிவிடும், கோடு ஒல்லியாகும். தண்டு தாழ்ந்திருந்தால் நுனி தலையில் நீளமாகத் தேய்த்துக்கொண்டு போகும். எங்கள் ஹெட்டில் பல வருடம் முன்பு வால்வு அமரும் இடத்தைக் கடைந்திருந்தார்கள். அதனால் வால்வு உள்ளே அமிழ்ந்து, அதன் வால் மேலே ஏறிவிட்டது. வால் ஏறினால் தண்டும் ஏற வேண்டும் அல்லவா? தாங்கிகளுக்கு அடியில் ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகளை வைத்து உயர்த்தினோம். ஒரு தாங்கியின் வழியாகத்தான் எண்ணெய் மேலே ஏறுகிறது. அதற்கு வைக்கும் தகட்டில் துளை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்க்கச் சொன்னார். துளையில்லாத தகட்டை வைத்தால் எட்டு ராக்கரும் காய்ந்துபோகும்.

மறுபடி மை, மறுபடி தள்ளல். கோடு நடுவுக்கு வந்தது, மெலிந்தது. எட்டு வால்விலும் கேஜ் வைத்தோம். லாக்நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே சுற்றி இடைவெளி குறையும், எனவே இறுக்கிய பிறகு ஒவ்வொன்றையும் திரும்ப அளந்தோம். எட்டும் பன்னிரண்டு. கவரை மூடி, தண்ணீர் ஊற்றி, சாவியைத் திருப்பினேன்.

டக் டக் டக் டக்.

டிக் இல்லை, டக். முன்பைவிடக் கனமான சத்தம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"கேட்டியா? இப்பதான் சரியான சத்தம்" என்றார் பெரியப்பா, சிரித்துக்கொண்டே.

நான் அவரைப் பார்த்தேன். அந்தச் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அண்ணன் மகன் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். பெரியப்பா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா வாசலில் நின்று என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார். அவருக்கு எப்போதோ தெரியும். தொலைக்காட்சியின் ஒலி எந்த எண்ணில் நிற்கிறது என்று தினமும் பார்ப்பவர் அவர்தானே.

எனக்கு அடுத்ததாகத் தோன்றியது கார் அல்ல. ஒவ்வொரு சனிக்கிழமையும் பெரியப்பா சொல்வார்: "காலையில கேட்டேன் பாப்பா. நல்லா பேசுன." எதைப் பற்றிப் பேசினேன் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அப்போது அதைக் கேட்க முடியவில்லை. பையிலிருந்து கைபேசியை எடுத்து, என்ஜின் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. மடிக்கணினியில் ஒலித்தொகுப்பு மென்பொருளைத் திறந்து, அலையை விரித்தேன். ஈட்டி ஈட்டியாக நிற்கிறது ஒவ்வொரு 'டக்'கும். இரண்டு ஈட்டிகளுக்கு நடுவே 75 மில்லி விநாடி. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 800. பெரியப்பாவின் பழைய மீட்டரில் என்ஜினும் அப்போது நிமிடத்துக்கு 800 சுற்றுதான்.

உட்கார்ந்துவிட்டேன். வால்வுச் சத்தமாக இருந்தால் அதில் பாதிதான் இருக்க வேண்டும். இந்த வகை என்ஜின் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு வால்வு ஒரு முறை திறக்கும். சுற்றுக்கு ஒன்று என்று தட்டினால் கோளாறு கீழே இருக்கலாம், கிராங்க்கில், கனெக்டிங் ராடில். அப்படியானால் என்ஜினை இறக்க வேண்டும். அந்தச் செலவுக்குக் காரை விற்றுவிடச் சொல்லி அண்ணன் ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியாகிவிட்டது.

திரையைப் பெரியப்பாவிடம் திருப்பிக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். இது என்ன, இது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இடமிருந்து வலம் நேரம், மேலே போனால் சத்தம் என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. இவ்வளவு உயர ஈட்டிகள் திரையில் நிற்கின்றன, அவர் காதில் ஒன்றுகூட விழவில்லை என்பது அவருக்குப் புரிந்த நேரம் அது. ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விரலை வைத்தார்.

"இது உயரம். இது குட்டை. மறுபடி உயரம், குட்டை. பாரு."

ஆமாம். ஒன்று விட்டு ஒன்று. நான் ஒரே சத்தம் என்று எண்ணியது இரண்டு சத்தம். ஒவ்வொன்றும் தனித்தனியாக நிமிடத்துக்கு 400. அதாவது வால்வுக் கணக்கு!

"சரி பாதியில விழுது ரெண்டும். எதெது பாதிப் பாதியா வரும்?"

"ஒன்பது!" என்றான் அண்ணன் மகன். கூட்டினால் ஒன்பது வரும் ஜோடிகள் எல்லாமே ஒன்றுக்கொன்று சரியாக ஒரு சுற்று தள்ளித் திறப்பவை. ஒன்றும் எட்டும், அல்லது மூன்றும் ஆறும், அல்லது இரண்டும் ஏழும், நான்கும் ஐந்தும். எந்த ஜோடி?

பெரியப்பா எழுந்து போய் ஓடிக்கொண்டிருந்த என்ஜினின் கவர்மேல் ஐந்து விரலையும் விரித்து வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு விரல்களை மெல்ல நகர்த்தினார். ஒரு ஓரத்தில் நின்றார். மறு ஓரத்துக்குப் போய் அங்கேயும் நின்றார். "ரெண்டு கோடியிலயும் தட்டுது. நடுவுல இல்ல. ஒன்னும் எட்டும். அணை."

பேரனின் களிமண் கேட்டார், பள்ளியில் பிள்ளைகள் பொம்மை செய்வார்களே அது. கவரைக் கழற்றி, உள்பக்கம் இரண்டு மூலைகளிலும் அதை மெல்லிசாக ஒட்டி, திரும்ப மாட்டி, காரைத் தள்ளி என்ஜினை இரண்டு சுற்று சுற்றச் சொன்னார். திறந்து பார்த்தால் களிமண்ணில் இரண்டு இடத்தில் ராக்கரின் தோள் பதிந்து, அடியில் வெறும் தகரம் தெரிந்தது. புது ராக்கர் பழையதைவிடப் பருமன். போதாததற்கு நாமே தகடு வைத்து உயர்த்தியும் விட்டோம். நடுவில் இருக்கும் ஆறுக்கும் இடமிருக்கிறது. கவரின் வளைந்த இரு முனைகளுக்கு அடியில் இருக்கும் ஒன்றுக்கும் எட்டுக்கும் மட்டும் தலை இடிக்கிறது. வால்வும் சரி, கிராங்க்கும் சரி. தட்டியது தகர மூடி.

உயரமான கவர் கடையில் கிடைக்கும். பெரியப்பாவுக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. கவரை மரக்கட்டைமேல் கவிழ்த்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் உள்ளிருந்து இரண்டு மூலையையும் தட்டி வெளியே எடுத்தார். இரும்பில் இரும்பு அடிக்கிற சத்தம் எனக்குப் பல் கூசியது. நாற்பது வருடம் தினமும் இதைத்தான் பக்கத்தில் வைத்து அடித்தார், காதில் பஞ்சுகூட இல்லாமல். இப்போது சட்டம் இருக்கிறது. 2019-இல் வந்த விதிமுறைப்படி எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் எல்லை. அவர் காலத்துப் பட்டறையில் அதைக் கேட்டால் சிரித்திருப்பார்கள். இரைச்சலில் போகிற காது முதலில் உயர்ந்த சுருதிகளைத்தான் இழக்கும், பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில். லாரி உறுமல் கேட்கும், இடி கேட்கும், ஆண்கள் குரல் ஓரளவு கேட்கும். டாப்பெட்டின் டிக், பறவை, 'ச', 'ஸ்' எல்லாம் போய்விடும். பேசுவது கேட்கும், வார்த்தை பிடிபடாது. ஒலிபரப்புத் துறையில் படித்தவள், இதைத் தேர்வில் எழுதித் தேர்ச்சி பெற்றவள் நான்.

கவரை மாட்டி ஓட்டினோம். டக் போய்விட்டது. மெலிதாக, சீராக, இருக்க வேண்டிய அளவுக்கு மட்டும் ஒரு சலசலப்பு. பெரியப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்: "எப்படி இருக்கு?"

இருபது வருடமாக நான்தான் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு வந்தேன்.

கை கழுவும்போது கேட்டேவிட்டேன். "பெரியப்பா, என் நிகழ்ச்சி உங்களுக்கு விளங்குதா?" சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "உன் குரல்னு தெரியும் பாப்பா" என்றார். "நீ சிரிக்கிறது தெரியும். அது போதும்னு இருந்துட்டேன்."

காது பரிசோதனைக்குச் சம்மதிக்க மூன்று வாரம் ஆனது. நானும் பெரியம்மாவும் கெஞ்சியதில் அசையவில்லை. கடைசியில் அவரை அசைத்தது காகிதம்தான். அங்கே ஒரு வரைபடம் தருவார்கள், எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டிருக்கும் என்றேன். "கோடா? அப்போ பாக்கலாம்" என்றார். இரண்டு காதிலும் கோடு ஒரே மாதிரி, வலது ஓரத்தில் கிணற்றில் விழுந்ததுபோல் இறங்கியிருந்தது. அதை மடித்து ஃபீலர் கேஜ் பெட்டியில் வைத்திருக்கிறார்.

போன சனிக்கிழமை கேட்கும் கருவி மாட்டிய பிறகு முதல்முறையாக மினியைக் கிளப்பினோம். ஐந்து விநாடி நின்றிருப்பார். முகம் சுருங்கியது. "என்னா இப்படிக் கத்துது? டாப்பெட் வச்சது யாரு? அணை, அணை. கவரைத் திற."

நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை, அதாவது கேட்டும் ஏற்கவில்லை. என்ஜின் ஆறக் காத்திருந்து, பிளக்குகளைக் கழற்றி, அண்ணன் மகனைக் கூப்பிட்டு, காரைத் தள்ளி, எட்டு வால்வையும் அவரே கேஜ் வைத்து அளந்தார். எட்டும் பன்னிரண்டு. கவரை மூடி மறுபடி கிளப்பி, தலையைச் சாய்த்து நெடுநேரம் நின்றார்.

"டாப்பெட் சரிதான்" என்றார் கடைசியாக. "ஆனா கார்புரேட்டர் சீறுது. இது எத்தனை நாளா?"

எத்தனை நாளாக என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கார்புரேட்டரைக் கழற்றுகிறோம்.